பிழைத்தவரையும் விடாத விஷச்சாராயம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்த 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கொடுமை நடந்திருந்தது. சாவு எண்ணிக்கை ஓய்ந்ததும் செய்தியும் ஓய்ந்துவிடுகிறது. உயிர் தப்பி வீடு திரும்பியவர்களின் கண்ணும் மூளையும் என்ன ஆயின என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஏமாற்றும் இடைவெளி

விஷச்சாராயத்தில் கலந்திருக்கும் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் வயிற்றுக்குள் போனதுமே ஆளைச் சாய்ப்பதில்லை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் எமன். அது சேர நேரம் பிடிப்பதால், குடித்தவர் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வரை சாதாரணமாக நடமாடுவார். பிறகு வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, மூச்சிரைப்பு என வரிசையாக வரும். ‘போதை இன்னும் தெளியலை’ என்று வீட்டில் மோர் கொடுத்துப் படுக்கவைக்கும் நேரத்தில்தான் உயிர் கைநழுவுகிறது.

கண்ணும் மூளையும்

ஃபார்மிக் அமிலம் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் செல்லால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. ஆற்றல் அதிகம் தேவைப்படும் பார்வை நரம்பு முதலில் அடிவாங்குகிறது. எதிரே நிற்பவரின் முகம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல வெளுத்துத் தெரியும். கண்மணி விரிந்துபோய், டார்ச் அடித்தாலும் சுருங்காது. சுமார் 10 மில்லி மெத்தனால்கூடப் பார்வையைப் பறித்துவிடலாம்.

மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும் பியூட்டமென் என்ற பகுதி இருக்கிறது. உடல் அசைவுகளைச் சீராக்கும் இடம் அது. விஷம் முற்றியவர்களுக்கு அங்கே செல்கள் மடிகின்றன. சிலருக்கு ரத்தக்கசிவும் ஏற்படுகிறது. ஸ்கேனில் இரு பக்கமும் ஒரே மாதிரியான சேதம் தெரியும். இவர்களில் சிலருக்குச் சில வாரங்களில் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் தலைகாட்டுகின்றன. கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, பேச்சு குழறுகிறது. சட்டைப் பொத்தானைப் போடவே பல நிமிடம் ஆகிறது. கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பத்தில் சம்பாதித்தவரையே இன்னொருவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது.

மருந்து உண்டு

ஃபோமெபிசோல் என்ற மருந்து, மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கிறது. அது கிடைக்காத இடத்தில், மருத்துவமனையில் கணக்கிட்டுக் கொடுக்கப்படும் எத்தனாலும் (வழக்கமான மதுவில் இருக்கும் ஆல்கஹால்) அதே வேலையைச் செய்யும். இதைக் கேட்டு வீட்டில் வேறு மதுவைக் கொடுப்பது ஆபத்து. ரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைக்க சோடியம் பைகார்பனேட் ஏற்றுகிறார்கள். டயாலிசிஸ், மெத்தனாலையும் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட அமிலத்தையும் வெளியேற்றுகிறது. இவை எல்லாம் நேரத்தோடு நடந்தால்தான் பலன். மடிந்த மூளைச் செல்களை மீட்டுத்தரும் மருந்து இல்லை.

கள்ளக்குறிச்சி சாவுகளுக்குப் பிறகு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன; அது தேவைதான். அதோடு, பிழைத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கண், நரம்பியல் பரிசோதனையை அரசு தொடர்ந்து செய்ய வேண்டும். அவர்களின் ஊரிலேயே பிசியோதெரபி கிடைக்க வேண்டும்.

குடித்தவருக்குக் கண் மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். உடன் குடித்தவர்கள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள். போலீசுக்குப் பயந்தோ, வெட்கப்பட்டோ மறைக்காமல், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.