தேசத்துக்கே சாட்டிய நோன்பு

எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் அம்மன் கோயிலுக்குப் பொங்கல் சாட்டிவிட்டார்கள் என்றால் அப்புறம் ஊரில் வேறு பேச்சே கிடையாது. காப்புக் கட்டியவர் வெளியூரில் இராத் தங்கமாட்டார். விரதக்காரர் வீட்டில் அடுப்புக்கும் ஓய்வுதான். சிவகாசி பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல் வந்தால் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆபீசுகளும் கதவைச் சாத்திவிடும். கூலி போனால் போகட்டும், நாள் அம்மனுடையது!

ஊர் நாள் குறிப்பது நமக்குப் பழக்கம். ஒரு தேசமே பிரார்த்தனைக்கு நாள் குறித்தால்?

மேல்நாடுகளில் அது அரசாங்கத்தின் வேலை. உள்நாட்டுப் போரின் நடுவே ஜனாதிபதி லிங்கன் 1863 ஏப்ரல் 30-ஐ உபவாச தினமாக அறிவித்தார். 1952 முதல் அமெரிக்காவில் பிரார்த்தனை தினத்துக்கென்று சட்டமே இருக்கிறது. விக்டோரியா ராணியும் 1857 அக்டோபர் 7-ஐ அப்படி ஒதுக்கினார். எதற்காகத் தெரியுமா? இந்தியாவில் மூண்ட சிப்பாய்ப் புரட்சி அடங்குவதற்காக! லண்டன் கண்ணாடி மாளிகையில் ஸ்பர்ஜன் பாதிரியாரின் பிரசங்கம் கேட்க அன்று 23,000 பேருக்கு மேல் கூடினார்கள்.

சுமார் அறுபது ஆண்டு கழித்து இந்தியாவும் ஒரு நாள் குறித்தது. குறித்தவர் ராஜாவும் அல்ல, மந்திரியும் அல்ல. சென்னையில் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்த, நோயிலிருந்து முழுதும் தேறாத ஒரு மனிதர்.

1919 மார்ச் மாதம். விசாரணை இல்லாமலே ஒருவரைச் சிறையில் அடைக்க வழி செய்த ரௌலட் சட்டம் நிறைவேறிவிட்டது. எப்படி எதிர்ப்பது? கதீட்ரல் சாலை வீட்டில் காந்தியடிகளும் ராஜாஜியும் தினமும் இதையே பேசினார்கள். ஒருநாள் விடியும் வேளையில், தூக்கமும் விழிப்புமான நிலையில், காந்திஜிக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. காலையில் ராஜாஜியிடம் சொன்னார்: தேசம் முழுவதும் ஒருநாள் வேலையை நிறுத்தட்டும், உபவாசம் இருக்கட்டும், பிரார்த்தனை செய்யட்டும். ராஜாஜி உடனே ஆமோதித்தார்.

ஒரு நாளுக்கு மேல் நீளும் உபவாசம் முஸ்லிம்களுக்கு ஒவ்வாது. ஆகவே 24 மணி நேரம் போதும் என்று வைத்தார்கள். உடல்நலமோ மதமோ தடுத்தால் விலக்கு உண்டு. ஞாயிறன்றும் வேலைக்குப் போகவேண்டியவர் முதலில் லீவு வாங்கிக்கொள்ள வேண்டும்! கிராமங்களிலும் கூட்டம் நடத்தச் சொன்னார் காந்திஜி. காப்புக் கட்டி விரதம் இருந்து பழகிய கிராமத்தானுக்கு இதை யார் போய் விளக்க வேண்டும்? சர்க்காருக்குத்தான் இது புரியாத சங்கதி. கலகம் செய்தால் சுடலாம். பட்டினி கிடப்பவனை என்ன செய்வது?

டில்லியில் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். முதலில் குறித்த நாள் மார்ச் 30. பிறகு ஏப்ரல் 6-க்கு மாற்றினார்கள். மாற்றிய செய்தி டில்லிக்கு வேளையோடு போய்ச் சேரவில்லை. அங்கே கடைகள் 30-ஆம் தேதியே அடைபட்டன. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஆனால் சில நாட்களில், காவி உடுத்த சுவாமி சிரத்தானந்தரை முஸ்லிம்கள் ஜும்மா மசூதிக்கு அழைத்துப்போய்ப் பேசச் செய்தார்கள். எந்தச் சர்க்கார் பிரகடனத்தாலும் வராத ஒற்றுமை அது.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. பம்பாயில் காந்திஜி விடியற்காலையில் சௌபாத்திக் கடலில் நீராடி உபவாசத்தைத் தொடங்கினார். சென்னைக் கடற்கரையில் ஜனசமுத்திரம். அந்த அமைதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக்! சர்க்கார் கணக்கிலேயே 379 பேர் மாண்டார்கள். 18-ஆம் தேதி சத்தியாக்கிரகத்தை காந்திஜி நிறுத்திவைத்தார். ரௌலட் சட்டம் 1922-இல் ரத்தாயிற்று.

அந்தத் தேதிகளைக் காங்கிரஸ் மறக்கவில்லை. ஏப்ரல் 6 முதல் 13 வரை தேசிய வாரமாயிற்று. 1930-இல் தண்டிக் கடற்கரையில் காந்திஜி உப்பு எடுத்தது ஏப்ரல் 6-ஆம் தேதிதான். அதிகாலைக் கனவை முதலில் கேட்ட ராஜாஜி, வேதாரணியம் நோக்கித் திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடக்கத் தொடங்கிய நாள் ஏப்ரல் 13.