பிரிந்த இரு நாடுகளின் உறவு: கிராஞ்சிக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஓராட்சியின்கீழ் இருந்து பின்னர்ப் பிரிந்த அண்டை நாடுகளின் உறவு, தொடக்கம் முதலே தனித்திருந்த நாடுகளின் உறவினின்றும் வேறானது. பிரிவினை ஒரே நாளில் நிகழ்ந்துவிடலாம். ஆனால் பொதுவாக அமைந்திருந்த நீர்க்குழாய், ரயில்பாதை, நாணயம், பல்கலைக்கழகம், மொழி ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்வதற்குப் பல தலைமுறைகள் தேவைப்படுகின்றன. சிங்கப்பூர், மலேசியா ஆகிய இரு நாடுகளின் அரசுறவு, பொருளியல், பண்பாட்டுத் தொடர்புகளை இந்நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்புநோக்குக்காக, 1830ஆம் ஆண்டில் பிரிந்த நெதர்லாந்து, பெல்ஜியம் என்னும் இரு சிறிய ஐரோப்பிய நாடுகளின் பட்டறிவையும் உடன் எடுத்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூரின் வடகரையில் ஜொகூர் நீரிணையை நோக்கி அமைந்துள்ள கிராஞ்சி இவ்வாய்வுக்கு மிகவும் பொருத்தமான இடமாகும். இரு நாட்டு உறவின் முக்கியச் சான்றுகளாகிய பாதை, போர், நீர் ஆகிய மூன்றும் இவ்வட்டாரத்தில் தம் தடங்களைப் பதித்துள்ளன.

கிராஞ்சியும் பொது வரலாறும்

சிங்கப்பூரின் முதல் ரயில்பாதை 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நகரின் டேங்க் ரோட்டில் தொடங்கித் தீவின் வடகரை வரை சென்ற அப்பாதைக்குச் 'சிங்கப்பூர்-கிராஞ்சி ரயில்பாதை' என்பதே பெயர். வடகரையில் இறங்கிய பயணிகள் படகேறி ஜொகூர் பாருவை அடைந்தனர். 1918ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின்வழி இப்பாதை மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் ரயில் நிருவாகத்திற்கு மாற்றப்பட்டது. 1923இல் கடற்பாலத்தின்மீது ரயில்கள் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28ஆம் நாள் பாலம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அக்கல்லணை, தீவைத் தீபகற்பத்தோடு நிலவழியாகப் பிணைத்தது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் இப்பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தனர். பாலத்தோடு அதன்மீது சென்ற நீர்க்குழாயும் உடைந்தது. அடுத்த பத்து நாள்களுக்குள் ஜப்பானியப் படைகள் சாரிம்புன் கரையிலும் கிராஞ்சிக் கரையிலும் இறங்கின. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிங்கப்பூரின் வீழ்ச்சியை நினைவுகூரும்போது சிங்கப்பூர்த் தலைவர்கள் தண்ணீரையும் பாதுகாப்பையும் இணைத்தே பேசிவருவதன் காரணத்தை இதன்வழி உணரலாம்.

கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் 4,400க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகள் உள்ளன. கல்லறை காணாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் இந்தியப் படையினரும் மலாயாப் படையினரும் அடங்குவர். அதனை அடுத்துள்ள அரசுக் கல்லறைத் தோட்டத்தில், 1970இல் மறைந்த சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவர் பிறந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில். யாழ்ப்பாணத்துத் தமிழராகப் பிறந்து, சிரம்பானில் வளர்ந்த சி. ராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். ஒரு நாட்டின் தலைவர்கள் மற்றொரு நாட்டில் வேர்கொண்டிருத்தல் இவ்வுறவின் தனித்தன்மையாகும்.

அரசுறவு

1963 செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியாவில் இணைந்த சிங்கப்பூர், 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் பிரிந்தது. அடுத்த மாதமே சிங்கப்பூர் ஐக்கிய நாடுகள் அமைப்பில் உறுப்பியம் பெற்றது. பாதுகாப்பு மன்றத்தில் அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 1967இல் தோன்றிய ஆசியானின் நிறுவன உறுப்பு நாடுகளாக இரண்டும் விளங்கின. 1971இல் உருவான ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டிலும் இரண்டும் இடம்பெற்றன. கசப்போடு பிரிந்தவர்கள், பிரிந்த கணத்திலேயே ஒருவரையொருவர் உலக அரங்கில் ஏற்றுக்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

பிணக்குகள் எழாமல் இல்லை. பெட்ரா பிராங்கா என்னும் பாறைத்தீவு குறித்த வழக்கை இரு நாடுகளும் உடன்பட்டு 2003இல் அனைத்துலக நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றன. 2008 மே 23ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பில் அத்தீவு சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கும் உரியன எனக் கூறப்பட்டது. தீர்ப்பை மறுஆய்வு செய்யுமாறு 2017இல் மலேசியா விண்ணப்பித்தது; 2018இல் அவ்விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது.

ரயில் நிலம் குறித்த பிணக்கு இதனினும் நீண்டது. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, சிங்கப்பூரின் நடுவே செல்லும் ரயில்பாதையும் தஞ்சோங் பகார் நிலையமும் மலேசிய ரயில் நிறுவனத்தின் பொறுப்பிலேயே இருந்தன. 1990இல் ஏற்பட்ட உடன்பாட்டின் பொருள் குறித்து இரு தரப்பும் இருபது ஆண்டுகள் கருத்து வேறுபட்டன. 2010இல் தீர்வு எட்டப்பட்டது. 2011 ஜூலை 1 முதல் ரயில்கள் உட்லண்ட்சோடு நின்றன. நிலத்திற்கு ஈடாக அமைந்த மனைகளை மேம்படுத்த, மலேசியா 60 விழுக்காடும் சிங்கப்பூர் 40 விழுக்காடும் பங்கு கொண்ட கூட்டு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. பழைய தடம் இன்று நடைபாதையாகவும் பசுமை வழியாகவும் பயன்படுகின்றது.

ஐரோப்பிய எடுத்துக்காட்டு இங்குத் துணைசெய்கின்றது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திற்குச் செல்லும் ஷெல்ட் ஆற்றின் முகத்துவாரம் நெதர்லாந்தின் எல்லைக்குள் உள்ளது. 1839ஆம் ஆண்டு உடன்படிக்கை கப்பல்களுக்கு வழிவிட்டது. ஆயினும் சுங்கம் விதித்தது. அச்சுங்கம் 1863இல்தான் ஈட்டுத்தொகை கொடுத்து நீக்கப்பட்டது. அதே உடன்படிக்கையிலிருந்து பிறந்த 'இரும்பு ரைன்' ரயில்பாதை உரிமை குறித்த வழக்கில் நடுவர் மன்றத்தின் தீர்ப்பு 2005இல்தான் வெளிவந்தது. பிரிந்து 175 ஆண்டுகள் ஆன பின்னரும் ஒரு ரயில்பாதை வழக்காக நிற்குமாயின், தஞ்சோங் பகார் பிணக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளில் தீர்ந்ததை விரைவான தீர்வென்றே கொள்ளல் வேண்டும்.

நீரும் பொருளியலும்

ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் நீர்பெறும் முறை 1927ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு தொடங்கிற்று. அதனைத் தொடர்ந்து 1961, 1962ஆம் ஆண்டுகளில் இரு உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. முன்னது 2011இல் முடிவுற்றது. பின்னது 2061 வரை நடப்பிலிருக்கும். இதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சுத்திகரிக்கப்படாத நீரைச் சிங்கப்பூர் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 காசு விலை. சுத்திகரிக்கப்பட்ட நீரில் ஒரு பகுதியை ஆயிரம் கேலனுக்கு 50 காசு கொடுத்து ஜொகூர் திரும்பப் பெறும். இவ்வுடன்படிக்கைகளுக்கு 1965ஆம் ஆண்டுப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே உறுதி அளிக்கப்பட்டது.

விலை குறித்தே வாதம் நிகழ்கின்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் விலையை மறுஆய்வு செய்யும் உரிமை தனக்கு இன்னும் உண்டென்பது மலேசியாவின் நிலைப்பாடு. 1987இல் அவ்வுரிமையைப் பயன்படுத்தாமையால் அது கடந்துபோயிற்று என்பது சிங்கப்பூரின் நிலைப்பாடு. 3 காசு என்பது மிகக் குறைந்த விலை என ஒரு தரப்பு கருதுகின்றது. அணை, குழாய், சுத்திகரிப்பு ஆகியவற்றின் செலவையும், 50 காசுக்கு விற்கும் நீரின் உண்மையான ஆக்கச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென மறுதரப்பு கூறுகின்றது. இருவேறு கணக்குகளும் ஒரே ஆற்றைப் பற்றியனவே.

கிராஞ்சி இவ்வாதத்திற்குச் சிங்கப்பூர் அளித்த விடைகளுள் ஒன்று. கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தை அணையிட்டு அடைத்து, 1975இல் நன்னீர்த் தேக்கமாக்கினர். கழிவுநீரைத் தூய்மைப்படுத்திப் பெறும் 'புதுநீர்' ஆலைகளுள் முதலில் அமைந்தவை பிடோக்கிலும் கிராஞ்சியிலுமாகும். அவை 2003இல் பயன்பாட்டுக்கு வந்தன. நீரிணைக்கு அப்பாலுள்ள ஆற்றைச் சார்ந்திருந்த நாடு, இப்பாலுள்ள கழிமுகத்தையே தேக்கமாக்கிக்கொண்டது. இதனைப் பகைமையின் அடையாளமாகக் கொள்ளாது, பேரம் பேசும் மேசையில் சமனாக அமர்வதற்கான ஆயத்தமாகக் கொள்வதே பொருந்தும்.

பொருளியல் உறவு முதலில் பிரிவை நோக்கியும் பின்னர் இணைப்பை நோக்கியும் சென்றது. 1967இல் தனித்தனி நாணயங்கள் வெளியாயின. ஒன்றை மற்றொன்றுக்குச் சமமாக மாற்றும் வழக்கமும் 1973இல் நின்றது. கூட்டு விமான நிறுவனம் 1972இல் இரண்டாயிற்று. பங்குச் சந்தை 1973இல் பிரிந்தது. ஆயினும் இரு நாடுகளும் ஒன்றற்கொன்று முதன்மையான வணிகப் பங்காளிகளுள் அடங்கும். 1998இல் துவாஸில் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. 2016இல் கையொப்பமான கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டம் 2020 இறுதியில் கைவிடப்பட்டது. மலேசியா 10 கோடி வெள்ளிக்கும் மேற்பட்ட தொகையைச் சிங்கப்பூருக்கு இழப்பீடாக வழங்கியது. அதேவேளையில், உட்லண்ட்சையும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் சுமார் 4 கிலோமீட்டர் விரைவு ரயில் இணைப்பு உருப்பெற்றது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச்செல்லும் வகையில் அது திட்டமிடப்பட்டது. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்திற்கான உடன்பாடும் கையொப்பமாயிற்று.

நெதர்லாந்தும் பெல்ஜியமும் லக்சம்பர்க்கோடு சேர்ந்து 1944இல் சுங்க ஒன்றியத்திற்கு உடன்பட்டன. 1948இல் அது நடைமுறைக்கு வந்தது. பிரிந்து நூறாண்டுகளுக்குப் பிறகே அவை பொருளியலில் மீண்டும் நெருங்கின. அறுபதாம் ஆண்டில் சிறப்பு மண்டலத்தைத் தொட்டுள்ள நம் இரு நாடுகளும் இவ்வகையில் பின்தங்கிவிடவில்லை.

எல்லையின் மெய்யான பொருளை 2020ஆம் ஆண்டு உணர்த்திற்று. கோவிட்-19 பரவலினால் அவ்வாண்டு மார்ச் 18 முதல் கடற்பாலத்தில் அன்றாடப் போக்குவரத்து நின்றது. ஜொகூரில் குடும்பத்தை வைத்துச் சிங்கப்பூரில் பணிபுரிந்தோர் பலர் மாதக்கணக்கில் பிரிந்திருந்தனர். 2022 ஏப்ரல் 1 அன்றே நிலவழி முழுமையாகத் திறந்தது. ஒப்பந்தங்களின் பின்னே மாந்தர் வாழ்வு இருக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பண்பாடும் தமிழும்

தமிழ்க் கல்வியாளர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது இப்பகுதி. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. அதில் இந்தியவியல் துறையை அமைக்கும்போது தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென முழங்கியவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. அவர் 1950களில் நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதித் திரட்டுக்கு இரு கரையிலும் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் முதலாக எளிய மக்கள் பொருளுதவி செய்தனர். 1962இல் பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. இந்தியவியல் துறை கோலாலம்பூரில் நிலைபெற்றது. இரு கரையினரும் சேர்த்த பொருளால் வளர்ந்த தமிழாய்வு ஒரு கரையில் தங்கியது. அங்குத் துறைத்தலைவராயிருந்த தனிநாயக அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடிற்று. பிரிவினை நிகழ்ந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன.

அதன் பின்னர் இரு நாட்டுத் தமிழ்க் கல்வியும் வெவ்வேறு வழிகளில் சென்றன. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடம். ஆயினும் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட உமறுப்புலவர் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. மலேசியாவில் தமிழ் அதிகாரத்துவ மொழியன்று. ஆயினும் 500க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளில் அது பயிற்றுமொழியாக உள்ளது. ஒரு நாட்டில் மொழிக்குத் தகுதி உண்டு. மற்றொரு நாட்டில் மொழிக்குப் பள்ளி உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறைவு ஈடுசெய்ய இயலும். ஆனால் அதற்கான அமைப்பு இல்லை. கலைச்சொற்களும் இடைவெளி கொண்டுள்ளன. அங்கு 'இடைநிலைப்பள்ளி' என்பது இங்கு 'உயர்நிலைப்பள்ளி'. அங்கு 'படிவம்' என்பது இங்கு 'உயர்நிலை'. அங்குப் 'பொருளாதாரம்' என்பது இங்குப் 'பொருளியல்'.

நெதர்லாந்தும் பெல்ஜியமும் டச்சு மொழிக்கென 1980இல் ஓர் உடன்படிக்கை செய்து மொழி ஒன்றியம் அமைத்தன. எழுத்துக்கூட்டல், கலைச்சொல், அயல்நாடுகளில் மொழி கற்பித்தல் ஆகியவற்றை அது பொதுவாகக் கவனிக்கின்றது. அரசுகளுக்கிடையில் அத்தகைய உடன்படிக்கை தமிழுக்கு இன்னும் அமையவில்லை. ஆயினும் முன்னோடி முயற்சிகள் உண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் கணினித் தமிழுக்கு ஆற்றிய பணி எல்லை கடந்தது. தமிழ் இணைய மாநாடு 2000இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் நடைபெற்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, பிரிந்த நாடுகளின் பிணக்குகள் பெரும்பாலும் பிரிவுக்கு முன் எழுதப்பட்ட ஆவணங்களிலிருந்து பிறக்கின்றன. இரண்டாவது, அவை நீதிமன்றத்தாலும் கூட்டு முயற்சியாலும் தீரக்கூடியனவே. மூன்றாவது, பண்பாட்டு உறவு தானாக நிலைக்கும் என்னும் எண்ணம் சரியன்று. நீரைப் போலவே அதற்கும் உடன்படிக்கையும் பராமரிப்பும் தேவை.

நீர் உடன்படிக்கை முடிவதற்கு இன்னும் காலம் உள்ளது; அதற்கென இரு அரசுகளும் இப்போதே திட்டமிடுகின்றன. தமிழுக்கு அத்தகைய கெடு ஏதும் விதிக்கப்படவில்லை. அதனாலேயே அதனைத் தள்ளிப்போடுதல் எளிதாகின்றது. பொதுக் கலைச்சொல் பட்டியல், பாடநூல் பரிமாற்றம், பயிற்சி ஆசிரியர்கள் ஒரு பருவம் மறுகரைப் பள்ளியில் பயிற்றும் ஏற்பாடு ஆகிய மூன்றும் அரசுகளின் பெரிய ஒப்பந்தங்களுக்குக் காத்திராமல் கல்வி நிறுவனங்களே தொடங்கத்தக்கன. அவற்றுள் கலைச்சொல் பட்டியலை முதற்பணியாகக் கொள்ளலாம் என்பது நம் பரிந்துரையாகும்.