பிசுக்கு: ஒரு சொல்லின் உறவுகள்

அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் சொல் 'பிசுக்கு'. மாணவர் அதனைக் கட்டுரை ஏட்டில் எழுதிவிட்டால், கொச்சையெனச் சுழித்து 'அழுக்கு' எனத் திருத்துவோர் நம்மிடையே உளர். அத்திருத்தம் பொருளையே மாற்றிவிடுகிறது என்பது நம் கருத்து.

அழுக்கு நீரில் கரையும். கறை நிறமாய்ப் படியும். கசடு அடியில் தங்கும். பிசுக்கோ பற்றியதை விடாதது. எண்ணெய் சூடேறிக் காற்றும் படும்போது அதன் நுண்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பசையாய் இறுகுகின்றன. வெறும் நீருக்கு அஃது இளகுவதில்லை. சாம்பலின் காரம் கொழுப்போடு கூடிச் சோப்பின் தன்மையை அடையும். ஆதலின் பாத்திரத்தைச் சாம்பலிட்டுத் துலக்கினர். தலையின் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காயையும் அரப்பையும் கண்டனர். சொல்லை ஆண்டவர்கள் பொருளின் இயல்பையும் நன்கறிந்திருந்தனர்.

இனி, இதன் பிறப்பு. 'வழுவழு' என்பதனோடு 'வழுக்கு' நிற்பதுபோலப் 'பிசுபிசு' என்னும் ஒட்டற்குறிப்போடு 'பிசுக்கு' நிற்கிறது. மரத்தில் கசியும் பிசின் இதன் உடன்பிறப்பு. மாவைப் பிசைதலும் இவ்வினத்ததே எனக் கருதலாம். தெலுங்கில் 'பிசுகு' என்றால் பிசைதல். கன்னடத்தில் 'ஹிசுகு' என்றால் பிழிதல். பழங்கன்னடப் பகரம் பின்னர் ஹகரமாதல் அம்மொழியின் இயல்பு.

சுவையான செய்தி மலையாளத்தில் உள்ளது. அங்கே 'பிசுக்கு' என்பது கஞ்சத்தனம், 'பிசுக்கன்' கஞ்சன். தெலுங்கர் 'பிசினாரி' என்பர். நம் ஊர்களிலும் 'பிசினாறி' என்னும் வசவு உண்டு. காசு பிசினாய்க் கையில் ஒட்டிக்கொண்டு பிறர் கைக்குச் செல்ல மறுக்கிறது போலும்! வடமொழிப் 'பிசுன' என்பதோடு இதனை இணைக்கத் தோன்றலாம். ஆயினும், அது கோள் சொல்பவனைக் குறிப்பது. ஈயாதவனுக்கு அத்துணைப் பொருந்தவில்லை. பிசினே பொருத்தமான தாய் என்போம்.

இச்சொல்லினம் ஏட்டில் ஏறாததும் அன்று. எடுத்த முயற்சி சோர்ந்து முடிந்தால் 'பிசுபிசுத்துப் போயிற்று' என நாளிதழ்கள் தயக்கமின்றி எழுதுகின்றன. ஈரம் ஏறிப் பிசுபிசுத்த வெடி வெடிப்பதில்லை அன்றோ? அவ்வழக்கு அங்கிருந்தே வந்திருக்கக்கூடும்.