இரைப்பை பைபாஸ்: எடையும் குறையும், கடமையும் கூடும்

அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்த நோயாளிகள் இளைத்துப்போவதையும், பிறகு எளிதில் எடை போடாததையும் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் கவனித்தார். அந்தப் பக்கவிளைவையே சிகிச்சையாக்க முடியுமா என்று யோசித்தார். 1966-இல், சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து, உடல் பருமனுக்கான முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார்.

இன்றைய முறையில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதனோடு தைக்கிறார்கள். எஞ்சிய இரைப்பை வயிற்றுக்குள்ளேயே இருக்கும். சாப்பாடு மட்டும் அந்த வழியே போகாது.

பை சிறுத்துவிட்டதால் எடை குறைகிறது என்பது பாதி விளக்கம்தான். சாப்பாடு சீக்கிரமே சிறுகுடலின் கீழ்ப்பகுதியை எட்டுவதால் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. அவை மூளைக்குப் 'போதும்' என்று சொல்கின்றன, இன்சுலினையும் தூண்டுகின்றன. எடை பெரிதாக இறங்கும் முன்பே பலருக்குச் சர்க்கரை அளவு கட்டுப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பருமனானவர்களை 'வாயைக் கட்டத் தெரியாதவர்கள்' என்று ஏசுவது எவ்வளவு அநியாயம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். சுவீடனில் நடந்த நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் 10 ஆண்டுகள் கழித்தும் சராசரியாகத் தங்கள் பழைய எடையில் கால்பங்கு குறைந்தே இருந்தார்கள்.

தையல் கசிவு, ரத்தப்போக்கு, ரத்தக்கட்டி ஆகியவை அறுவையை ஒட்டிய ஆபத்துகள். அனுபவமுள்ள மருத்துவமனைகளில் இதனால் உயிரிழப்பு அரிது. என்னைக் கவலைப்படுத்துவது அதற்குப் பின்வரும் ஆண்டுகள். இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடலைச் சாப்பாடு தாண்டிப் போய்விடுகிறது. பி12 உறிஞ்சுவதும் குறைகிறது. சத்து மாத்திரையை நிறுத்தினால் ரத்தச்சோகை, எலும்புத் தேய்வு, நரம்புப் பாதிப்பு எல்லாம் மெல்ல வந்து சேரும். இனிப்பு சாப்பிட்டதும் வியர்த்துப் படபடக்கலாம். வேகமாக இளைப்பதால் பித்தப்பையில் கல் சேரலாம். புகைபிடித்தாலோ சில வலிமாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினாலோ தையல் போட்ட இடத்தில் புண் வரலாம். மது வழக்கத்தைவிட வேகமாக ஏறும். பல ஆண்டுகள் கழிந்தபின் திடீரென வயிறு கடுமையாக வலித்தாலும், குடல் சிக்கியிருக்கக்கூடும் என்பதால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடும் பருமனாலும் சர்க்கரையாலும் சேர்ந்து வதைபடுபவர்களுக்கு இது நல்ல சிகிச்சை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் வாழ்நாள் முழுக்க மாத்திரை, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, இரண்டுக்கும் ஆகும் செலவு ஆகியவற்றை மருத்துவரிடம் விரிவாகக் கேளுங்கள். வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.