லோன் எடுக்கறதுக்கு முன்னாடி பாண்டி பீச்சைப் பாருங்க!

மாசக் கடைசியில சம்பளம் பத்தலையா? உடனே பர்சனல் லோன் ஆப்பைத் திறக்காதீங்க.

பாண்டியில 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கிடுச்சு. நகரத்துக் கடற்கரை கரைஞ்சுது. கல்லைக் கொட்டினாங்க. பீச் ரோடு தப்பிச்சுது, அரிப்பு வடக்கே மீனவ கிராமங்களுக்கு நகர்ந்துது. உண்மையான பிரச்சினை மணல் வராததுதான். அதைப் புரிஞ்சு 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைச்ச பிறகு மணல் திரும்புச்சு.

உங்க லோனும் அந்தக் கல் மாதிரிதான். பற்றாக்குறை வட்டியோட அடுத்த மாசத்துக்கு நகரும்.

முதல்ல மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. வருமானம் குறைவா, செலவு கசியுதா, இல்ல சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே இஎம்ஐ தேதி வந்துடுதா? மூணுக்கும் மருந்து வேற வேற. தேதிதான் சிக்கல்னா, அதை மாத்தித் தர முடியுமான்னு பேங்க்ல கேளுங்க. புது லோனே தேவைப்படாது.