காந்த நானோதுகள்களின் தன்னொழுங்கமைவு

காந்த நானோதுகள்களின் தன்னொழுங்கமைவு என்பது, நீர்மம் ஒன்றில் மிதக்கும் மிகச்சிறு காந்தத் துகள்கள் புறக் காந்தப்புலத்தின் தாக்கத்தால் தாமாகவே சங்கிலி வடிவில் அணிவகுக்கும் நிகழ்வு ஆகும். இத்தகைய துகள்களைக் கொண்ட நீர்மம் காந்தப் பாய்மம் எனப்படுகின்றது. 1963 ஆம் ஆண்டில் நாசா ஆய்வாளர் இசுடீவ் பாப்பெல், எடையற்ற நிலையில் ஏவூர்தி எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துச் செலுத்தும் நோக்குடன் இதனை உருவாக்கினார்.

துகள்களின் அமைப்பு

துகள்கள் பெரும்பாலும் மேக்னடைட்டு என்னும் இரும்பு ஆக்சைடால் ஆனவை. இவற்றின் விட்டம் ஏறத்தாழ 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு). ஒலீயிக் அமிலம் போன்ற மேற்பூச்சு, துகள்கள் ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கின்றது. நீர்ம மூலக்கூறுகள் இடைவிடாது மோதுவதால் அவை அடியில் படிவதில்லை.

சங்கிலி உருவாதல்

ஒவ்வொரு துகளும் வடமுனை, தென்முனை கொண்ட ஒரு சிறு காந்தமாகும். புலம் இல்லாதபோது வெப்ப இயக்கத்தால் அவற்றின் திசைகள் சிதறியிருக்கும். புலம் செலுத்தப்பட்டால் அவை புலத்தின் திசையில் திரும்புகின்றன. அப்போது முன்பின்னாக அமைந்த துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். பக்கவாட்டில் அமைந்தவை விலக்கும். ஈர்ப்பு ஆற்றல் வெப்ப ஆற்றலை விஞ்சும்போது சங்கிலிகள் தோன்றுகின்றன. புலத்தை நீக்கினால் அவை மீண்டும் கலைந்துவிடும்.

ஈர்ப்பு ஆற்றல் துகள் விட்டத்தின் கனத்திற்கு ஏற்ப உயர்கின்றது. எனவே விட்டம் இரு மடங்கானால் ஈர்ப்பு ஆற்றல் 8 மடங்காகும்.

கல்பாக்கம் ஆய்வு

தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஜான் பிலிப், ஷிமா, பல்தேவ் ராஜ் ஆகியோர் 2007 இல் இந்நிகழ்வின் வெப்ப விளைவு குறித்து ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். மண்ணெண்ணெயில் 6.7 நானோமீட்டர் சராசரி விட்டமுள்ள மேக்னடைட்டுத் துகள்களைக் கலந்து அவர்கள் சோதித்தனர். துகள்களின் பங்கு கன அளவில் 6.3 விழுக்காடாக இருந்தபோது, காந்தப்புலத்தில் நீர்மத்தின் வெப்பக் கடத்துதிறன் 300 விழுக்காடு வரை, அதாவது 4 மடங்காக, உயர்ந்தது. சங்கிலிகள் வெப்பம் செல்லும் பாதைகளாக அமைவதே இதற்குக் காரணம் என அவர்கள் விளக்கினர். வெப்பம் பாயும் திசைக்குப் புலம் இணையாக இருந்தால் மட்டுமே இவ்வுயர்வு கிட்டும்; செங்குத்தாக இருந்தால் கிட்டாது. புலம் மிகையானால் சங்கிலிகள் பக்கவாட்டில் இணைந்து தடிப்பதால் கடத்துதிறன் குறைகின்றது.

பயன்களும் வரம்பும்

ஒலிபெருக்கிச் சுருள்களைக் குளிர்விக்கவும், சுழலும் தண்டுகளில் கசிவைத் தடுக்கவும் காந்தப் பாய்மங்கள் பயன்படுகின்றன. காந்தப்புலத்தால் கூட்டவும் குறைக்கவும் இயலும் குளிர்விப்பு முறைக்கும் இவை ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. எனினும், வெப்பத்தை விரைந்து கடத்தும் அதே சங்கிலிகள் நீர்மத்தின் பாகுநிலையையும் உயர்த்துகின்றன. இதனால் அதனைக் குழாய்களில் செலுத்த மிகுந்த ஆற்றல் தேவைப்படுகின்றது. இவ்விரு விளைவுகளையும் சமன்செய்வதே பொறியியல் பயன்பாட்டில் முதன்மையான சிக்கலாகும்.