கொட்டகை போனது, படுகளம் நிற்கிறது

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையில் வைத்தியருக்கு நெல் எவ்வளவு, காசு எவ்வளவு என்று அது கணக்குச் சொல்கிறது. ஒரு காரியம் நிலைக்க வேண்டுமானால் படியளப்பது யார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் வெட்டிய கல். ‘சினிமா வந்து நாடகத்தைக் கொன்றுவிட்டது’ என்று பேசும்போது நாம் கேட்க மறப்பது இந்தக் கேள்வியைத்தான்.

காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவின் ‘வேலைக்காரி’யை எடுத்துக்கொள்வோம். கே.ஆர். ராமசாமியின் கிருஷ்ணன் நாடக சபை அதை மேடையேற்றியது. கொட்டகை வாடகை, சீன் படுதா, பெட்டிகளை ஊர் ஊராக ஏற்றி இறக்கும் கூலி, நடிகர்களுக்கு மூன்று வேளைச் சோறு, மழை பெய்தால் காலியாகும் நாற்காலிகள் என எல்லாச் செலவும் கம்பெனியின் தலையில். எந்தக் காட்சியில் கைதட்டல் எழும், எங்கே ஜனம் எழுந்து போகும் என்பதெல்லாம் இந்தச் செலவில்தான் தெரிய வரும். அது தெரிந்த பிறகு, 1949இல், ஜூபிடர் பிக்சர்ஸ் அதை ஏ.எஸ்.ஏ. சாமியின் இயக்கத்தில் படமாக்கியது. 1951இல் அண்ணாவின் இன்னொரு நாடகமான ‘ஓர் இரவு’ ஏவி.எம். படமானது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ 1936இல் ஒருமுறை, மு. கருணாநிதியின் வசனத்தோடு 1954இல் மறுமுறை திரைக்குப் போனது. எம்.ஆர். ராதா மேடையில் ஆடித் தீர்த்த ‘ரத்தக்கண்ணீர்’ படமானதும் அதே 1954இல். நாடகக் கம்பெனி பரீட்சை எழுதியது, ஸ்டூடியோ மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டது. கைத்தறிக்காரர் யோசித்துப் போட்ட முந்தானை வடிவத்தை விசைத்தறி நகலெடுத்தால் என்ன ஆகும் என்பது காஞ்சிபுரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாத சங்கதி. ஒரு படத்தின் பிரதிகள் ஒரே இரவில் பல ஊர்களில் ஓடும். கம்பெனியோ ஒரு நேரத்தில் ஓர் ஊரில்தான் இருக்க முடியும்.

சினிமா நாடகக்காரர்களை வாழவைத்ததே என்று கேட்கலாம். நியாயம்தான். அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்த வி.சி. கணேசன் அந்தப் பெயரோடுதான் திரைக்குப் போனார். ஆனால் வாழ்ந்தவர்கள் ஆட்கள். அவர்களை உருவாக்கிய அமைப்புக்கு என்ன கிடைத்தது? 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபை போன்றவை சிறுவர்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் பழக்கின. கண்டிப்பு கொடுமையாகவே இருந்ததுண்டு, அதை இனிப்பு தடவிச் சொல்ல வேண்டியதில்லை. என்றாலும் அது ஒரு பள்ளிக்கூடம். நடிகரைத் தூக்கிக்கொண்ட திரையுலகம் அந்தப் பள்ளிக்கூடத்துச் செலவில் பங்கு ஏற்கவில்லை.

இப்போது காஞ்சிபுரம் பகுதியின் கூத்தைப் பாருங்கள். தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு, கடைசியில் மண்ணால் கிடத்திய பிரம்மாண்டத் துரியோதனனோடு படுகளம், பிறகு தீமிதி. சினிமாவும் தொலைக்காட்சியும் கைபேசியும் வந்த பிறகும் இது நடக்கிறது. டிக்கெட் கிடையாது. வீட்டு வரியும் உபயதாரர் பணமும் சேர்த்து ஊரே முன்கூட்டிப் பேசிக் கொடுக்கிறது. இது பக்தி, கலையோடு ஒப்பிடலாமா என்று சிலர் மறுப்பார்கள். பணம் பக்தியால் வருகிறது, உண்மை. ஆனால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் சிரிக்கவைக்காவிட்டால், துரியோதனன் வேஷம் கட்டியவருக்கு விடிய விடியக் குரல் நிற்காவிட்டால், அடுத்த ஆண்டு அந்தக் கூத்துக் குழுவை ஊர் அழைக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்திருக்கும் ரசிகனைவிடக் கறாரான விமர்சகன் சபா மண்டபத்தில் கிடைப்பது அரிது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் கூத்து நிலைத்ததும், 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்க அந்தக் கூத்து தூண்டுதலாக இருந்ததும் இந்த ஏற்பாட்டின் பலன்தான். காஞ்சிபுரத்துக் கலைஞர்கள் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தபோது அவர்களுக்குப் பின்னால் ஊர்கள் இருந்தன.

இந்த ஏற்பாட்டுக்கும் ஆபத்து உண்டு. அது சினிமாக் கொட்டகையிலிருந்து வருவதில்லை. திருவிழாவுக்கு முன் ஊர் கூடிப் பந்தல், மேளம், வாணவேடிக்கை, துரியோதனனுக்கு மண் என்று கணக்குப் போடும்போது, எத்தனை இரவுக் கூத்து என்பதும் அதே நோட்டில்தான் எழுதப்படுகிறது.